பூச்சியத்துக்கு வராத தராசு

மேர்லினின் மீன்கடைத் தராசு பூச்சியம் காட்டி ஆறு மாதத்துக்கு மேலாகிவிட்டது. வெறும் தட்டிலேயே கிலோக்கணக்கில் காட்டிக்கொண்டிருக்கும் தராசில் ஒருத்தி இறால் நிறுத்து விற்றால் ஊர் எத்தனை நாளைக்குத்தான் பொறுக்கும்? ஆனால் அவள் கள்ளியில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னோடு சண்டைக்கு வரவேண்டாம்.

போன கார்த்திகை வெள்ளத்தில் வலையிறவுப் பாலத்தடி ரோடு முழுக்கத் தண்ணீர். மேர்லினுக்குச் சொன்ன நாளுக்கு முந்தியே வலி கண்டுவிட்டது. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. மீன் வெட்டுகிற மேசையைக் கழுவிப் பாய் விரித்து, கடைக்குள்ளேயே பிள்ளை பிறந்தது. தோணியில் வந்து சேர்ந்த மிட்வைஃப் அம்மா, நிறை எழுத வேண்டுமே என்று பிள்ளையை அந்தத் தராசுத் தட்டிலேயே வைத்தாள். இரண்டு கிலோ நானூறு. பின்னேரம் பிள்ளையின் மூச்சு நின்றுவிட்டது. அதற்கு முன் புருஷன் றொனால்ட் ஒரு கை தண்ணீரைத் தலையில் ஊற்றி, அன்ரோ என்று பெயர் சொல்லியிருந்தான். அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து கடை திறந்தாள். தராசின் சுவிட்சைப் போட்டதும் வெறும் தட்டில் மூன்று கிலோ நூறு காட்டியது. தண்ணீர் பட்டுப் பழுதாகிவிட்டதாக்கும் என்று துடைத்தாள், பற்றரியை மாற்றினாள், கடைசியில் பூச்சியப் பொத்தானை அமத்தினாள். எண் பூச்சியமானது. அந்தக் கணமே, வற்றிப்போயிருந்த பால் சட்டை நனைய வழிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்க எண் திரும்பி வந்தது. மூன்று கிலோ நாற்பது. அறுபது கிராம் குறைந்திருந்தது. அதன் பிறகு அவள் அந்தப் பொத்தானைத் தொடவேயில்லை.

நிறை ஏறிக்கொண்டே போனது. பிள்ளை வளர்கிற கணக்கில் ஏறியது. மாசியில் மூன்று நாள் சட்டென்று விழுந்தது. ஊரில் குழந்தைகளுக்கெல்லாம் வயிற்றோட்டம். நாலாம் நாள் மறுபடி ஏறத் தொடங்கிய பிறகுதான் மேர்லின் சோறு தின்றாள். றொனால்ட் ஒருதடவை தட்டில் கை வைத்துப் பார்த்தான். சூடாக இருந்தது. அன்றிலிருந்து அவன் மீனை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவான், உள்ளே வருவதில்லை.

அவளுக்கோ பயமே வரவில்லை. காலையில் தராசைப் போட்டு எண்ணைப் பார்த்தால்தான் உயிர் வந்தது.

வைகாசி முடிகிற நேரம் வவுணதீவிலிருந்து அன்னப்பூரணி இறால் வாங்க வந்தாள்.

“என்னகா மேர்லின், வெறுந் தட்டுல ஆறு தொளாயிரத்து இருபது காட்டுது? இதுக்கு மேலயா எனக்கு இறால் நிறுக்கப் போறாய்?”

“அதைக் கழிச்சுத்தான் அக்கா பாக்கிறன். ஒரு கிராம் குறையாது.”

“அப்ப அந்தப் பொத்தானை அமத்தன்.”

“அமத்த ஏலாதக்கா.”

“ஏன் ஏலாது?”

மேர்லின் தராசைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அன்னப்பூரணி நேரே அளவை நிறுவைக் கந்தோருக்குப் போய் முறைப்பாடு எழுதிக் கொடுத்தாள். அவளில் பிழையில்லை. வாங்குகிறவளுக்குத் தராசைப் பற்றிக் கேட்க உரிமையிருக்கிறது.

மூன்றாம் நாள் அளவை நிறுவை அதிகாரி தங்கராசா பித்தளைப் படிக்கற்களோடு வந்தார். ஒரு கிலோக் கல்லை வைத்தார். ஏழு தொளாயிரத்து இருபது. கல்லை எடுத்தார். ஆறு தொளாயிரத்து இருபது.

“பூச்சியத்துக்கு வராத தராசை வியாபாரத்துல பாவிக்க ஏலாது பிள்ளை. நான் கொண்டு போகத்தான் வேணும்.”

“வீட்டுக்குள்ள வைச்சிருந்தா, ஐயா?”

“வீட்டுல சும்மா கிடக்கிற தராசுல எங்கட சட்டத்துக்கு வேலையில்லை. இப்ப முறைப்பாடு வந்திட்டே.”

அட கடவுளே, இந்த ஒரு வார்த்தையை முந்தியே யாரிடமாவது கேட்டிருக்கக் கூடாதா? மேர்லின் தலையில் அடித்துக்கொண்டாள். தங்கராசா தராசைப் பையில் போட்டு அரக்கு வைத்து எடுத்துப் போனார்.

மேர்லின் மேல் வழக்குப் போட்டார்கள். அவள் பிடித்த சட்டத்தரணி சுருக்கமாகச் சொன்னார். “குற்றத்தை ஒப்புக்கொண்டா சின்னத் தண்டத்தோட போயிடும். ஆனா தராசு திரும்ப வராது. நொறுக்கிப் போடுவாங்க.”

“அப்ப நான் குற்றவாளியில்லை” என்றாள் மேர்லின். “தராசு பிழையில்லை. அதுல நிறை இருக்கு.”

அவர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கத்தானே செய்வார்.

தராசு போன பதினாலாம் நாள், வெள்ளிக்கிழமை, வழக்கு எடுத்தார்கள். அவள் அதையே நீதவானிடமும் சொன்னாள். பின் வரிசை வாங்குகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. தராசை இயக்கிக் காட்டும்படி கட்டளையிட்டார். தங்கராசா அரக்கை உடைத்து மேசையில் வைத்து இயக்கினார்.

பூச்சியம். கல்லை வைத்தார். ஒரு கிலோ. எடுத்தார். பூச்சியம்.

“தராசு சரியாகத்தானே இருக்கிறது?” என்றார் நீதவான். வழக்குத் தள்ளுபடியானது. தராசை அவள் கையிலேயே கொடுத்தார்கள்.

வழக்கில் வென்றவள் அப்படி நடுங்கியதை அந்த நீதிமன்றம் கண்டிருக்காது. விறாந்தையில் ஓடிப்போய்த் தங்கராசாவை மறித்தாள்.

“ஐயா, இதை எங்க வைச்சிருந்தீங்க?”

“கந்தோர்லதான்.”

“கந்தோர்ல எங்க?”

தங்கராசா அக்கம்பக்கம் பார்த்தார்.

“முதல் நாள் மேசையில இடமில்ல. எங்கட பெரிய தராசுக்கு மேல வைச்சிட்டு, பொறகுதான் அலுமாரிக்கு மாத்தினன். அந்த நாளில இருந்து எங்கட தராசு பூச்சியத்துக்கு வருகுதில்ல பிள்ளை. கொழும்புல இருந்து ஆள் வந்து பாத்தது. பழுது ஒண்டுமில்லையாம்.”

“எவ்வளவு காட்டுது?”

“இண்டைக்குக் காலையில ஆறு கிலோ எண்பது.”

“ஐயோ, ஆறு தொளாயிரத்து இருபது இருந்திச்சே!”

“ஓம். ஒவ்வொரு நாளும் வந்தவுடன பூச்சியப் பொத்தானை அமத்துறம். அறுபது, அறுபதாக் குறைஞ்சு வருது.”

“அமத்தாதீங்க ஐயா! உங்கட காலைப் பிடிக்கிறன், அதை மட்டும் அமத்தாதீங்க.”

“எனக்கும் அமத்தேக்க என்னவோ செய்யுது பிள்ளை” என்றார் தங்கராசா, குரல் தாழ்ந்து. “ஆனா அது அரசாங்கத் தராசு. ஊர்த் தராசையெல்லாம் அதை வைச்சுத்தான் சரி பாக்கிறம். அது பூச்சியத்துக்கு வந்தே ஆகவேணும். அதுதான் சட்டம்.”

மேர்லின் தன் தராசை நீதிமன்ற விறாந்தையிலேயே போட்டுவிட்டுக் கந்தோர்ப் பக்கம் ஓடினாள்.