கால் பக்கம் பிறந்தவள்

ஆதிலட்சுமியக்கா கால் பக்கமாகப் பிறந்தவள். பாகூர் சுற்றுவட்டத்தில் யாருக்குச் சுளுக்கு விழுந்தாலும் அவள் வீட்டுக்குத்தான் ஓடுவோம். குப்புறப் படுக்கவைத்து இடது காலால் மூன்று தரம் நீவிவிடுவாள், எழுந்து நடந்து வந்துவிடலாம். என் கழுத்துக்கு மட்டும் அது பலிக்கவில்லை. முதல் நாளே காலை எடுத்துவிட்டுக் கையால் தொட்டுப் பார்த்தவள், "இது கரும்புக்கட்டு தூக்கிப் புடிச்சது இல்லடி கஸ்தூரி. ரொம்ப வருஷமா நீயே புடிச்சி வச்சிருக்க" என்றாள்.

புடிச்சி வச்சிருக்கேனாம். ஆசைப்பட்டு வைத்திருக்கிற மாதிரி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் எங்கே போவது? இடது தோள் காதுக்கு ஏறி நிற்கும், தலை அந்தப் பக்கம் திரும்பாது. முப்பத்தொரு வயதில், கைக்குழந்தையை இடது பக்கம் போட்டுப் பால் கொடுக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாயும் வெள்ளியும் போனேன். விளக்கெண்ணெயை வெதுவெதுப்பாக்கிக்கொண்டு உட்காருவாள். அழுத்தமாட்டாள். வலிக்கிற இடத்துக்குச் சுற்றிச் சுற்றித்தான் வருவாள். "மூச்ச அடக்காத, வுடு" என்பாள். நாலாவது வாரம் தோள் இறங்கியது. கூடவே அழுகையும் வந்தது. அப்பா செத்ததும் எட்டு வயதில் அம்மா என்னை வில்லியனூர் நமச்சிவாயம் மாமா வீட்டில் விட்டதையும், மாமா மளிகைக்கடைக்குப் பின்னால் இருந்த மூட்டை அறையில் என் இடது கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கிக் கட்டிப்போட்டு அடித்ததையும், ஆறு வருஷம் அப்படிப் போனதையும் சொன்னேன். என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

"யாராண்டயும் சொல்லிடாதக்கா."

"நான் ஏன்டி சொல்லப் போறேன்" என்றாள்.

மறுநாள் பிள்ளையை இடது பக்கம் போட்டுக்கொண்டேன். அது குடிப்பதைத் தலை திருப்பிப் பார்த்தேன். எவ்வளவு சந்தோஷம் எனக்கு!

அடுத்த செவ்வாய்க்கிழமை போனால், அவள் வீட்டுக் கூடத்தில் மாமா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அம்மா. நடுவில் வாழைப்பழச் சீப்பும் திருநீற்றுத் தட்டும்.

"பயந்த புள்ளைக்கு, பயமுறுத்தனவங்க கையாலயே துன்னூறு வச்சாதான்டி முழுசா போவும்" என்றாள் ஆதிலட்சுமியக்கா. "இல்லன்னா திரும்பப் புடிச்சிக்கும். அதான் ஆள வுட்டுச் சொல்லி அனுப்பினேன்." அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

மாமா சிரித்தார். "இன்னாம்மா, சின்ன வயசுல ரெண்டு அடி போட்டத இன்னும் மனசுல வச்சிக்கினு இருக்கியாமே?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் பழச்சீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமாவே எறங்கி வந்துட்டாரு, நெத்தியக் காட்டு" என்றாள். "சின்னப் புள்ளதான, நீ மறந்திருப்பன்னு நெனச்சேன்."

மறந்திருப்பேன் என்று நினைத்தாளாம். அப்படியானால் தெரியும். பொங்கலுக்குப் பொங்கல் வந்து, என் மணிக்கட்டுத் தழும்பில் தேங்காயெண்ணெய் தடவி, "பாத்து வெளையாடக் கூடாதாடி?" என்று கேட்டவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தால் தாங்கமாட்டாளே என்று இருபத்துமூன்று வருஷமாக நானல்லவா வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். பாவி, பெத்தவளா இவள்?

மாமா திருநீற்றை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டேன்.

"உன்ன நம்பித்தானக்கா சொன்னேன்."

"உன் நல்லதுக்குத்தான்டி" என்று ஆதிலட்சுமியக்கா வந்து என் தோளில் கை வைத்தாள். அதே வெதுவெதுப்பான கை. நான் எதுவும் செய்யவில்லை. தோள் தானாகவே ஏறிக் காதில் இடித்தது. அங்கே இருந்தவர்களில் அவளுக்குத்தான் அது முதலில் தெரிந்தது. கட்டைவிரலால் ஒரு தரம் மெல்ல நீவிப் பார்த்தாள். மறுபடியும் நீவினாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு, தன் உள்ளங்கையையே பார்த்தபடி நின்றாள்.