கூர்மூலை யார் வாசலுக்கு?

கோ பெய்-சுன்னுக்கு அன்று காலை முதல் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பதினொரு மணிக்குக் கோயில் கூடத்தில் தெருக்காரர்கள் கூடுகிறார்கள். அவர்கள் சம்மதித்தால் சாய் முதலாளியின் ஐந்து மாடி அலுவலகம் எழும்பும். பதினாறு வருடம் அடுத்தவர் கட்டடங்களுக்குக் கோடு போட்டுக் கொடுத்தவளுக்கு, சொந்தப் பெயரில் அதுதான் முதல் கட்டடம். வாங்கி வைத்த பால்மீன் கஞ்சி ஏடு கட்டிக் கிடந்தது.

டைனான் நகரத்தின் பழைய தெருக்களில் நகராட்சியைச் சம்மதிக்க வைத்துவிடலாம். தெருவைச் சம்மதிக்க வைப்பதுதான் குதிரைக்கொம்பு. அதற்காக அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அண்டை வீட்டுச் செங்கல்லின் நிறத்துக்காக நாலு சூளை ஏறி இறங்கினாள். சன்னல்களுக்கு அந்தத் தெருவின் பூவேலைக் கம்பிகளையே வைத்தாள். மேல் மாடிகளைப் பின்னுக்குத் தள்ளி, கோயில் கூரை முகட்டை எதுவும் மறைக்காமல் பார்த்துக்கொண்டாள். மழைக்கு ஒதுங்கி நடக்கத் தரைமட்டத்தில் தாழ்வாரமும் உண்டு.

ஒன்றே ஒன்றுதான் இடித்தது. மனை, வெட்டிய கேக்குத் துண்டு மாதிரி ஒரு பக்கம் கூர். கட்டடத்தின் கூர்மூலை எந்த வாசலை நேராகப் பார்க்கிறதோ, அந்த வீட்டுக்கு அது கத்தி என்பது ஊர் நம்பிக்கை. முதலில் வரைந்தபோது அது கோயில் வாசலைப் பார்த்தது. மூலையை மழுக்கிவிடலாம் என்றால் மாடிக்கு மாடி ஓர் அறை குறையும். "ஒரு சாண் கொறஞ்சாலும் வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று சாய் முதலாளி சொல்லிவிட்டார். எனவே கட்டடத்தையே லேசாகத் திருப்பினாள். இப்போது மூலை ஒன்பதாம் எண் வீட்டு வாசலைப் பார்த்தது.

ஒன்பதாம் எண்ணில் இருந்தவர் ஓய்வுபெற்ற ரசாயன வாத்தியார் கோ. அவளுடைய அப்பா. நல்ல நாள், கெட்ட நேரம் என்று யாராவது வாயெடுத்தால் வயிறு குலுங்கச் சிரிப்பவர். தெருவிலேயே அவர் ஒருவர்தான் இதைப் பொருட்படுத்தமாட்டார் என்று பெய்-சுன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இருப்புக்கொள்ளாமல் ஒன்பது மணிக்கே மனையை அளக்கப் போனாள். ஏற்கெனவே இருபது தடவை அளந்த மனை. நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அப்பா வீட்டு நிலைக்கு மேல், கத்தியை வந்த வழியே திருப்பி அனுப்புவதற்கென்று ஊரார் மாட்டுகிற எட்டுமூலைக் கண்ணாடி.

"என்னப்பா இது கூத்து? யாரு மாட்டினது?"

"நான்தான். ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினேன். வாத்தியாருக்குக் கழண்டுபோச்சுன்னு கடைக்காரன் ஊரெல்லாம் சொல்லியிருப்பான்."

"நீங்க இதையெல்லாம் நம்பறவரா?"

"நான் எங்கடி நம்பறேன்? கண்ணாடி, பின்னால ஒரு பூச்சு. அவ்வளவுதான்."

"அப்புறம் எதுக்காம்?"

"நீ நம்பறியே! நம்பலேன்னா சாமி வாசல்லேர்ந்து எதுக்குத் திருப்பினே? கத்தின்னு நம்பித்தானே என் பக்கம் திருப்பி வெச்சே?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. உள்ளே போய் வானொலியைச் சத்தமாக வைத்தார்.

பதினொரு மணிக்குக் கோயில் கூடத்தில் படத்தை விரித்துப் பேசினாள். வாய் செங்கல்லைப் பற்றிப் பேசியது, மேசைக்கடியில் கால் ஆடிக்கொண்டே இருந்தது. தெருக்காரர்களுக்குப் பிடித்துவிட்டது. "மூலை?" என்று ஒரு பெண்மணி இழுத்தாள்.

"அது வாத்தியார் வீட்டுப் பக்கம்தானே? அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு" என்றார் கோயில் தலைவர் ஓங். எல்லாரும் சிரித்தார்கள். "சரி, சாமிகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடுவோம்."

பிறை வடிவக் கட்டைகள் இரண்டையும் தரையில் போட்டார். ஒன்று மல்லாந்தும் ஒன்று குப்புறவும் விழுந்தால் சம்மதம். தொடர்ந்து மூன்று தடவை அப்படி விழவேண்டும். முதல் தடவை விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதில் ஒரு கட்டை உருண்டு பூசை மேசைக்கடியில் போனது. நாலைந்து பேர் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தார்கள். சம்மதம்தான்!

"பாத்தீங்களா! சாமியே கையெழுத்துப் போட்டாச்சு" என்று சாய் முதலாளி கைதட்டினார்.

சாமிமேல் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு தடவையாவது மாட்டேன் என்று சொல்லியிருக்கக் கூடாதா?

"மூலைய வெட்டணும் சார்" என்றாள்.

"என்னது? சாமி ஒத்துக்கிட்டாச்சேம்மா!"

"கத்தி சாமி வாசலப் பாக்கலையே சார். எங்கப்பா வாசலப் பாக்குது."

வாத்தியாரின் மகள் அவள் என்பது தெருவுக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியாது. அவர் முகம் வெளுத்தது. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "கவனிக்காம விட்டிருப்பீங்க. மனுஷங்கதானே. அப்படித்தானே?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினால் போதும், கட்டடம் அவளுடையதாகவே இருக்கும். கோயில் தலைவர்கூடத் தலையாட்டு என்பதுபோல் கண்ணைக் காட்டினார்.

"இல்ல சார். தெரிஞ்சேதான் திருப்பினேன்."

முதலாளி ஓரடி பின்வாங்கினார். "பெத்த அப்பன் வாசலுக்கேவா? நாளைக்கு என் நாற்காலிய எதுக்கு நேரா போடுவீங்களோ, யாரு கண்டா?" படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "மூலைய வெட்டிடறேன். அந்தப் பாவம் எனக்கும் வேண்டாம். ஆனா உங்க கையால வேண்டாம்."

பெய்-சுன் வெயிலுக்கு வந்தாள். எதிர்மனையில் கட்டடம் எழும்பத்தான் போகிறது. அவள் தேடிய செங்கல், அவள் வைத்த பூவேலைக் கம்பி, வாசலில் வேறு யாருடைய பெயரோ. அப்பாவைப் பார்க்க வரும்போதெல்லாம் அதன் தாழ்வாரத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். கண்ணீர் வந்தது, துடைக்காமல் நடந்தாள்.

மூலை போயிற்று என்று அப்பாவிடம் சொல்லிவிடலாம். கூடவே வேறென்ன போயிற்று என்று அவர் கேட்காமல் இருக்க வேண்டும்.