காந்தத்தில் ஒட்டாதது

பத்து மணிக்கு ஏழு நிமிடம் இருந்தபோது, காந்தத்துக்குத் தாடி முளைத்திருப்பதை மீன்காரர் பார்த்தார்.

அவர் மீன் விற்பவரல்ல. பல் ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் அறையில் உள்ள கடல்நீர்த் தொட்டியைக் கவனித்துக்கொள்பவர். கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்ட இரண்டு காந்தங்கள் உண்டு. ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. வெளியே இருப்பதை நகர்த்தினால் உள்ளே இருப்பதும் கூடவே போகும். இன்று கொஞ்சம் கீழே, மணல்வரை இறக்கிவிட்டார். மேலே வந்த உள்காந்தம் முழுக்கக் கருப்புப் பொடி, முள்முள்ளாக.

மணல் நேற்று சாயங்காலம் போட்டது.

மீன் கடையில் விற்கும் பவள மணல் யானை விலை. "கட்டுபடியாகிற மாதிரி பாருங்க, ஆனா விஷப்பரீட்சை வேணாம்" என்றிருந்தார் டாக்டரம்மா. மீன்காரர் தன் மைத்துனனின் கட்டடச் சாமான் கடையில், தோட்டத்தில் தூவுகிற வெள்ளைச் சிப்பி மணலில் ஒரு மூட்டை எடுத்தார். ஒரு பிடியில் வினிகர் ஊற்றினார். நுரைத்துப் பொங்கியது. சுண்ணாம்பு மணல்தான், கடல்நீருக்கு ஏற்றது. மணலை அலசித் தெளிய ஒன்பது வாளித் தண்ணீர் பிடித்தது. வழக்கமாகக் கடைசியில், இரும்புத்தூள் இருக்கிறதா என்று காந்தத்தை விட்டுத் துழாவுவார். நேற்று செய்யவில்லை. நம் மாப்பிள்ளை கடை மூட்டைதானே என்று இருந்துவிட்டார்.

காந்தத்தை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டு நடைக்கு வந்து போன் செய்தார்.

"மாப்ள, அந்த மூட்டை கடையில எங்க கிடந்துச்சு?"

"ஏன் மாமா, மெத்தை குத்துதுன்னு மீனுங்க புகார் பண்ணுதா?"

"விளையாடாத. எங்க கிடந்துச்சு?"

"பின்னாடி, பைப் அறுக்குற மெஷின் பக்கத்துல. ஓரம் கிழிஞ்சு கொட்டிருச்சு. நான்தான் கூட்டி அள்ளிக் கட்டினேன்."

"இரும்பு பைப்தானே அறுக்குறே?"

"இரும்புதான்." மைத்துனன் சற்று யோசித்தான். "போன வாரம் பூரா ஏசி வேலை மாமா. செப்புக் குழாய்."

இரும்பைக் காந்தம் காட்டிக்கொடுத்துவிட்டது. செம்பு காந்தத்தில் ஒட்டாது. உப்புத் தண்ணீரில் செம்பு கரையக் கரைய, முதலில் இறால் சாகும். பிறகு பவளம். நகக்கண் அளவுத் துண்டிலிருந்து டாக்டரம்மா பதினோரு வருடம் வளர்த்தது. இன்று இரண்டு கைக்கும் அடங்காது.

திரும்பி வந்து குனிந்தார். இறால், சிவப்பில் வெள்ளைக் கோடு போட்டது. மீன்களின் வாய்க்குள் புகுந்து சுத்தம் செய்யும். "என்னைவிடக் கைராசிக்காரன்" என்பார் டாக்டரம்மா. தினமும் பத்து மணிக்கு வந்து தண்ணீரில் விரலை விடுவார். அது ஓடிவந்து நகத்தைச் சுரண்டும்.

இப்போது அது பாறைக்குப் பின்னால் ஒருக்களித்துக் கிடந்தது. மீசை ஆடவில்லை. இல்லை, ஆடியது. தானாக ஆடியதா, நீரோட்டத்தில் ஆடியதா?

இறாலையும் பவளத்தையும் புது உப்புத் தண்ணீருக்கு மாற்றிவிட்டு மணலை உறிஞ்சி எடுத்தால் தப்பலாம். இப்போதே செய்தால். உறிஞ்சும் குழாய் பையில்தான் இருந்தது. வெளியே எடுத்தால் ஏன் என்பார்கள். ஏன் என்று சொல்ல வேண்டும். மீன்காரர் பார்த்துப் பார்த்துச் செய்பவர் என்று டாக்டரம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். பையின் ஜிப்பைப் பாதி திறந்தார். அதற்கு மேல் கை ஓடவில்லை.

கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த ஒருவர் அவரையே பார்த்தார். "என்ன மீன்காரரே, பல்லப் பிடுங்க வந்தது நான். நீங்க ஏன் இப்படி வேர்க்கிறீங்க?"

மீன்காரர் சிரிக்கப் பார்த்தார். உதடு காய்ந்து பல்லில் ஒட்டியது.

உள்ளே மெஷின் சத்தம் நின்றது. கதவு திறந்தது. டாக்டரம்மா கையுறையைக் கழற்றி, கையைக் கழுவிக்கொண்டு நேராகத் தொட்டிக்கு வந்தார். விரலைத் தண்ணீரில் விட்டார்.

மீன்கள் வந்தன. அவர் காத்திருந்தார். மீன்காரரின் மூடிய கையிலிருந்து தரையில் நீர் சொட்டியது, கருப்பாக.

"எங்க நம்ம ஆளைக் காணோம்?" என்றார் டாக்டரம்மா, விரலை எடுக்காமல். பிறகு திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். "மணல்ல காந்தம் விட்டுப் பாத்தீங்கல்ல?"