ஆற்றின் மேலே ஒரு சிவப்புத் தொப்பி

அல்பினாவில் படகு ஏறும்போதே அப்பா அந்தச் சிவப்புத் தொப்பியை மாட்டிக்கொண்டார். தலைநகர் பரமாரிபோவில் சொல்லித் தைத்தது. எங்கள் மூதாதை குவாமினா அப்படியொன்றைப் போட்டுக்கொண்டுதான் டச்சுக்காரர்களின் படையோடு இந்த ஆற்றில் மேல்நோக்கிப் போனார். அடிமையாக இருந்தவருக்குப் படையில் சேர்ந்ததால் விடுதலை கிடைத்தது. அந்த விடுதலையில் பிறந்த வம்சம் நாங்கள். அவர் போன வழியே போய், மேலே உள்ள ஊரில் அவர் பெயரைச் சொல்லி மண்ணில் ரம் ஊற்றிப் படைக்க வேண்டும். இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு அப்பா என்னிடம் கேட்டது இது ஒன்றைத்தான்.

"அதைக் கழட்டுங்கப்பா. மேல இருக்கறவங்க அடிமைத்தனத்துலேர்ந்து தப்பி ஓடினவங்களோட வம்சம். அவங்களப் பிடிக்கத்தானே தாத்தா போனாரு?"

"இருநூத்தம்பது வருஷமாச்சு ஹெர்மின். யாருக்கு ஞாபகம் இருக்கப்போகுது?"

படகோட்டி தொப்பியைப் பார்த்தான். பிறகு ஆற்றைப் பார்த்தான்.

துறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பெண்களின் கைகள் நின்றன. ஒருத்தி கத்தினாள்: "நெருப்பு வருதுடி! கூரையைப் பாத்துக்கங்க!" எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். எனக்குக் காது சுட்டது.

ஊர்த் தலைவி மா அஃபிபாவிடம் அப்பா ரம் பாட்டிலை நீட்டி, குவாமினாவின் பெயரைச் சொன்னார்.

"உன் தாத்தன் பேர நீ வந்து சொல்லணுமா தம்பி? பிள்ளைங்க சாப்பிடலேன்னா அந்தப் பேரச் சொல்லித்தான பயங்காட்டறோம். உக்காரு, மொதல்ல சாப்பிடு."

சோறும் மீனும் வந்தன.

"இந்த நெல்லு பேரு யாபா. நாங்க நெல்லுக்கு ஆளு பேருதான் வைப்போம். உன் தாத்தனும் கூட்டாளிங்களும் வயலக் கொளுத்தினப்ப, யாபா தலைப்பின்னலுக்குள்ள நாலு மணிய செருகிக்கிட்டு காட்டுக்குள்ள ஓடினா. அதுலேர்ந்து வந்தது."

அப்பாவின் கை வாய்க்குப் போகாமல் நின்றது.

"நிறுத்தாத. இந்தச் சோத்த மிச்சம் வைக்க மாட்டோம் நாங்க."

அப்பா தொப்பியைக் கழற்றித் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் தின்று முடித்தார். நானும் தின்றேன். நல்ல சோறு.

மா அஃபிபா பாட்டிலைத் திறந்து, தன் முன்னோர் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"ம், உன் ஆளச் சொல்லு. ஊத்தறேன்."

அப்பா ஈர மண்ணைப் பார்த்தார். நான் உதவியிருக்கலாம். எனக்கும் அவர் தாத்தாதானே. என் வாயிலும் அந்தப் பெயர் வரவில்லை.

"வேணாம்மா," என்றார் அப்பா. "இங்க வேணாம்."

அவள் மூடியைத் திருகி வைத்தாள்.

படகு நகரும்போது துறையில் கத்தின அதே பெண் ஓடிவந்தாள்.

"ஐயா, தொப்பிய மறந்துட்டீங்க. எடுத்துக்கிட்டுப் போங்க. எங்களுக்கெதுக்கு அது?"

அப்பா வாங்கிக்கொண்டார். முதலில் மடியில் வைத்தார், பிறகு பைக்குள், மறுபடி மடியில். அல்பினா வரும்வரை அதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.