இயற்றியவர் தெரியாத மெட்டு

ஸ்வீடனில் எங்கள் டாலர்னா பக்கத்தில் பிடிலில் ஒரு மெட்டு வாசிக்கும் முன் அது யாரிடமிருந்து வந்தது என்று பெயர் சொல்ல வேண்டும். சொல்லாதவனை ஒருத்தரும் மதிக்க மாட்டார்கள். இவ்வளவு மரியாதை தெரிந்த ஊரில்தான் என் மனைவி இங்கெலாவின் பெயர் காணாமல் போனது.

எழுபதுகளில் அவளும் அவள் அண்ணன் ஸ்டெல்லனும் நாட்டுப்புற இசைக்குழு நடத்தினார்கள். நான் வேன் ஓட்டினேன். உருளைக்கிழங்கு வேகும் நேரத்தில் அவளே கட்டிய மெட்டு ஒன்று முதல் இசைத்தட்டில் இருந்தது. அப்போது பழசுக்குத்தான் மவுசு.

"உன் பேரப் போட்டா எவன் வாங்குவான்? பழைய மெட்டு, யாரோடதுன்னு தெரியலன்னு போட்டுருவோம்" என்றான் ஸ்டெல்லன். அவளும் சிரித்துக்கொண்டு தலையாட்டினாள்.

இரண்டாவது தட்டிலும் அதே பொய். மெட்டு நாடு முழுக்கப் பரவியது. முன்னூறு வருடப் பழசு என்று வானொலியில் ஒரு பேராசிரியர் அடித்துவிட்டார். தன்னுடையது என்று இங்கெலா சொல்லிப் பார்த்தாள். பாவம், வயசாகிறது என்பதுபோல் சிரித்தார்கள்.

இந்த வருடம் அந்தத் தட்டுகளைப் பழைய அட்டையோடு, ஒரு எழுத்து மாறாமல் மறுபடி வெளியிட்டார்கள். கோடை விழாவில் அண்ணனும் தங்கையும் வாசிக்க ஏற்பாடானது.

"ஒரே ஒரு தடவ என் பேரச் சொல்லிட்டு வாசிண்ணா. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள் இங்கெலா, காபியை ஊற்றியபடி.

"சொல்றேன்டி. சத்தியமா."

"மேடை ஏறினா உன் வாயில உண்மை வருமா?" என்றேன்.

"மச்சான், நீ வேனைப் பாரு."

நான் சும்மா கேட்கவில்லை. ஆற்றுப்பேய் கற்றுக்கொடுத்தது, கரடியிடம் திருடியது என்று ஒவ்வொரு மெட்டுக்கும் ஒரு புளுகு சொல்லிச் சிரிக்கவைப்பது அவன் வழக்கம். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். இவனுக்குக் கைதட்டல் கிடைத்தது.

விழாவில் அவன் சொன்ன வாக்கைக் காப்பாற்றினான். "இந்த மெட்டு என் தங்கச்சி இங்கெலா கட்டினது."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"நெசமாத்தான் சொல்றேன். அவங்க வீட்டு அடுப்படியில கட்டினா." குரல் உடைந்து மறுபடி சொன்னான். சிரிப்பு இன்னும் கூடியது. அவனைத் திட்டக் காத்திருந்த எனக்கு அந்த முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

இங்கெலா பிடிலையும் வில்லையும் எடுத்து வாசித்தாள். கூட்டம் அடங்கியது.

முடிந்ததும் முன்வரிசைப் பெண்மணி ஒருத்தி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் ஈரம். "எந்தக் காலத்து மனுசனோ! இப்படி ஒண்ணக் கட்டிட்டுப் பேரில்லாமப் போய்ட்டானே, பாவம்."

"ஆமாம்மா" என்றாள் இங்கெலா. "பாவந்தான்."