வாரேன்

"என்னது, கொரைக்கறாங்களா? ஆரு, நாயிங்களா?" என்று என் வீட்டுக்காரர் ஷெட்டுக்குள் நின்று போனில் கத்தியது, வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. ஷெட்டுக்குள் யார் பேசினாலும் கத்தித்தான் பேச வேண்டும். அத்தனை எந்திரங்களின் விசிறிகளும் சேர்ந்து போடும் இரைச்சலில் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. போனில் பேசியவர் எங்கள் ஆடிட்டர் சரவணக்குமார். அவர் நாயைப் பற்றிப் பேசவில்லை. என் அண்ணன் ஜெகதீஸ்வரனின் கம்பெனி, எங்கள் கம்பெனியில் வைத்திருக்கும் பங்கைக் குறைக்கிறது என்றுதான் சொல்லியிருக்கிறார். இவர் வெளியே வந்து அதை என்னிடம் சொன்னபோது, நாயா என்று கேட்ட சிரிப்பு இன்னும் வாயோரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

நாங்கள் கோழிப்பண்ணைக்காரர்கள். சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகிற ரோட்டில் எங்கள் காடு, அதில்தான் ஷெட். அண்ணன் ரிக் லாரியில் ஊர் ஊராகப் போர்க்கிணறு போட்டுச் சம்பாதித்தவர். கையில் நாலு காசு சேர்ந்ததும் கோயமுத்தூரில் ஆபீஸ் போட்டு, கம்ப்யூட்டர் எந்திரங்களை ராப்பகலாகக் கணக்குப் போட வைத்துப் பிட்காயின் எடுக்கும் தொழிலில் இறங்கினார். ஒருநாள் எங்கள் ஷெட்டைச் சுற்றிப் பார்த்தவர், "காத்து இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போகுது பாருங்க மாப்ளை. கோழிக்குன்னு கட்டுனீங்க, ஆனா அந்த மெஷினுக்குன்னே கட்டுனாப்ல இருக்குது. அதுக்கும் பேரு ரிக்குதான். அன்னைக்கு பூமியக் கொடைஞ்சோம், இன்னைக்கு கணக்கக் கொடையறோம், அவ்வளவுதான்" என்றார். கோழிகளை விற்றோம். காட்டை, இரண்டு பேரும் சேர்ந்து தொடங்கிய புதுக் கம்பெனி பேருக்கு எழுதினோம், கூரை முழுக்க சோலார் போட்டோம். அண்ணன் கம்பெனி எந்திரங்களை இறக்கியது. நூற்றில் அறுபது பங்கு அவர்களுக்கு, நாற்பது எங்களுக்கு. அண்ணன் பங்கை விற்பதென்றால் முதலில் எங்களைத்தான் கேட்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாமே என்று ஆடிட்டர் சொன்னார். "மச்சான்கிட்ட எழுதி வாங்கீட்டு நாளைக்கு அவரு மொகத்துல எப்படிங்க முழிக்கறது?" என்று இவர் சிரித்தார். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

இப்போது அண்ணன் அறுபதில் நாற்பத்தைந்தை வடக்கே ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டார். அவர் வேறு தொழிலுக்குத் தாவுகிறார், அதற்குப் பணம் வேண்டுமாம். வாங்கியவர்களுக்கு எங்கள் ஷெட் தேவையில்லை. கரண்டு மலிவாகக் கிடைக்கும் ஏதோ ஒரு தேசத்துக்கு எந்திரங்களைக் கொண்டுபோக வேண்டும் என்கிறார்கள். அதை முடிவு செய்ய வெள்ளிக்கிழமை கூட்டம். அவர்கள் நாற்பத்தைந்து, நாங்கள் நாற்பது. அண்ணன் கையில் மிச்சமிருக்கும் பதினைந்து எங்கள் பக்கம் வந்தால் எந்திரங்கள் இங்கேயே இருக்கும். வராவிட்டால் எங்களுக்குக் கோழியும் இல்லை, எந்திரமும் இல்லை.

எந்திரம் போனால் போகட்டும், கூலி வேலைக்குப் போயாவது பிழைத்துக்கொள்ளலாம். எனக்கிருந்த பயம் வேறு. முன்பு ஒரு கோடையில், அக்கினி வெயில் தாங்காமல் கோழிகள் ஒரே மத்தியானத்தில் மொத்தமாகச் செத்து விழுந்தன. அன்றைக்கு இவர் ஷெட்டின் இரும்புக் கதவை உள்ளேயிருந்து இழுத்துப் பூட்டிக்கொண்டு, செத்த கோழிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். நான் கதறியும் திறக்கவில்லை. அண்ணன் வந்துதான் கடப்பாரையால் நெம்பி, இவரைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்தார். இவர் கையில் பூச்சிமருந்து பாட்டில் இருந்ததை அண்ணனும் நானும் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அது தெரிந்தும் அண்ணனுக்கு விற்க எப்படித்தான் மனசு வந்ததோ.

கூட்டத்துக்கு முன்னால் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். மகன் கௌசிக்குக்குக் கல்யாணம். அத்தைக்காரி எனக்குத் தாம்பாளத்தில் பத்திரிகை வைத்துத்தானே அழைக்க வேண்டும்? தாம்பாளத்தை வாங்கிச் சாமி முன்னால் வைத்துவிட்டு, காபி கொடுத்தேன். இவர் ஷெட்டை விட்டு வரவில்லை.

"ஏனுங்ணா, பங்கக் கொறைச்சுட்டீங்களாமா?"

"கம்பெனின்னா அப்படித்தான் சாமி. எனக்கு மேலயும் கேள்வி கேக்கறவங்க இருக்கறாங்க. கொறைக்கறதுக்கும் கையக் கழுவறதுக்கும் வித்தியாசம் இருக்குது பாரு."

"செரிங்ணா, வித்தது வித்ததாவே இருக்கட்டும். மிச்சத்த எங்க பக்கம் போடுங்க. வெள்ளிக்கெழமை ஆடிட்டர் ஆபீசுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அவரப் பத்தி உங்களுக்குத் தெரியாததுங்களா?"

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் ஷெட்டின் இரும்புக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கதவில் கடப்பாரை பட்ட நெளிசல் இன்னும் இருக்கிறது. பிறகு எழுந்து, வாசலில் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு, என் தலையில் கையை வைத்தார்.

"வாரேன் சாமி."

கார் கிளம்பியதுதான் தாமதம், நான் ஷெட்டுக்கு ஓடினேன். "அண்ணன் வாரேன்னுட்டாருங்க!" என்று இவர் காதுக்குள் கத்தினேன். முதல் தடவை காதில் விழவில்லை. "வாராராமுங்க! வெள்ளிக்கெழமை!" என்றேன். இவர் முகம் தெளிந்தது. அன்றைக்குச் சோற்றை ரெண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை ஆடிட்டர் ஆபீசில் இவர் தன் பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டு அண்ணனுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார், டவுன் பஸ்ஸில் பிடிப்பது மாதிரி. வாங்கிய கம்பெனிக்காரர்கள் கம்ப்யூட்டர் திரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. நேரம் ஆகிறது என்று திரையில் ஒருவர் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"வாரேன்னு சொன்னாருங்களே" என்றேன்.

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க நின்னுட்டுச் சொன்னாருங்க அக்கா?"

"வாசல்லதாங்க."

"செருப்பு மாட்டியாச்சுங்களா அப்ப?"

எங்கள் பக்கம் ஒரு வீட்டை விட்டுக் கிளம்புகிற யார்தான் போகிறேன் என்று சொல்கிறார்கள்? பெண் பார்த்துவிட்டுப் பிடிக்காமல் போகிறவனும் வாரேன் என்கிறான், இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டு போகிறவனும் வாரேன் என்கிறான். இழவு வீட்டில் மட்டும்தான் அதைச் சொல்லக் கூடாது, எழுந்து பேசாமல் போய்விட வேண்டும். பிறந்ததிலிருந்து கேட்கிற சொல். ஆசை கண்ணை மறைக்கும் என்பார்கள், எனக்குக் காதை மறைத்துவிட்டது. நாற்பத்தைந்துக்கு நாற்பது என்று முடிந்தது. இவர் கைக்குட்டையை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஆடிட்டரிடம் ஒன்றும் சொல்லாமல் எழுந்து நடந்தார்.

கல்யாணத்தன்றைக்கே எந்திரங்களை ஏற்ற லாரியும் வந்து சேர்ந்தது. நான் போக மாட்டேன் என்றேன். "அத்தைக்காரி இல்லாத கண்ணாலமா? நாலு பேரு என்ன பேசுவாங்க? நீ போ. நா இதப் பாத்து ஏத்தி உட்டுட்டு வாரேன்" என்று விசிறிச் சத்தத்துக்கு மேலே கத்தினார். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு சங்ககிரி மண்டபத்துக்குப் போனேன். பக்கத்து வீட்டு மயிலம்மாளிடம் மட்டும், இவரைக் கொஞ்சம் பார்த்துக்குங்க ஆயா என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மேடையில் இணைச்சீர் நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளைக்கு அவன் கூடப்பிறந்தவள் சௌந்தர்யாவை இணையாக நிறுத்தி, சேலையின் ஒரு முனையை அவள் கையிலும் மறுமுனையைக் கௌசிக் கையிலும் கொடுத்திருந்தார்கள். கல்யாணம் ஆனாலும் கூடப்பிறந்தவளைக் கைவிட மாட்டேன் என்பதற்கான சீர். அண்ணன் கல்யாணத்தில் அந்த மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அன்றைக்கு அண்ணன் கை வேர்த்து அவர் பிடித்திருந்த முனை நனைந்து போயிருந்தது. கௌசிக் கையில் போன் இருந்தது. "இறுக்கிப் புடி சாமி, நழுவுது பாரு" என்று சீர்காரர் அதட்டினார்.

அண்ணன் வேர்க்க விறுவிறுக்க என்னிடம் வந்தார். கண்ணைப் பார்க்கவில்லை. "மாப்ளை வரலியா சாமி?"

"வாரேன்னாருங்ணா" என்றேன்.

அவர் சொல்லை அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேனே என்று ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிடம், இவரும் அதே வாரேனைத்தானே சொன்னார் என்று உறைத்தது. மேளச் சத்தத்தை விட்டு விலகி, மண்டபத்து வாசலுக்கு வந்து இவருக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்க! லாரி போயிருச்சுங்களா!" என்று பழக்கதோஷத்தில் கத்தினேன்.

"கத்தாத புள்ள. நல்லாக் கேக்குது."

எத்தனையோ நாளாக நான் கேட்காத குரல். கோழி வைத்திருந்த காலத்தில், விடிகாலையில் தீவனம் போட்டுவிட்டு வந்து என்னை எழுப்புகிற மெல்லிய குரல். அவருக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. எங்கோ ஒரு குருவி மட்டும் கத்தியது, அது கூரைக்கடியில் எதிரொலித்தது.

"இணைச்சீர் ஆச்சா?"

"ஆச்சுங்க. நீங்க கெளம்பி வாங்க. மயிலம்மா அங்க இருக்கறாங்களா?"

"அவங்கள ஊட்டுக்குப் போகச் சொல்லீட்டேன். நீ சாப்புட்டியா?"

"இன்னும் இல்லீங்க. நீங்க வாங்க, சேந்து சாப்புடலாம்."

"மச்சான்கிட்டச் சண்டை கிண்டை போட்டறாத. நல்ல நாளு. செரி புள்ள. வாரேன்."

"எங்க நின்னுட்டுச் சொல்றீங்க?" என்றேன். "ஏனுங்க, எங்க நிக்கறீங்க? உள்ளயா, வெளியவா?"

அவர் போனை வைக்கவில்லை. "அண்ணா!" என்று மண்டபத்தைப் பார்த்து நான் போட்ட கத்தல் மேளத்தில் அமுங்கிப்போனது. காதில் வைத்திருந்த போனுக்குள், ஷெட்டின் இரும்புக் கதவு இழுபடும் சத்தம் மட்டும், நெளிந்த இடத்தில் ஒருதரம் சிக்கி, பிறகு விடுபட்டு, கடைசி வரைக்கும் தெளிவாகக் கேட்டது.