தாயம்மாளுக்குக் காவல்

டில்லியில் நகையைத் திருடுகிறவர்களைவிடச் சமையல்காரியைத் திருடுகிறவர்கள்தான் அதிகம். நகை போனால் போலீஸுக்காவது போகலாம். சமையல்காரி போனால், கொண்டுபோனவள் வீட்டுக்கே விருந்துக்குப் போய், நம்மவள் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு, "பேஷ், பேஷ்" என்று சொல்லிவிட்டு வர வேண்டும். எனக்கு இது ஒருமுறை நடந்திருக்கிறது. கொலுவுக்கு வந்த மாடி வீட்டுக்காரி, சுண்டலோடு சேர்த்து எங்கள் சமையல்காரி மஹாலட்சுமியையும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் ஒரு வருஷம் என் கணவர் ஜெயராமும் எங்கள் பெண் ஸ்ம்ருதியும் என் சமையலைச் சாப்பிட்டார்கள். அந்த வருஷத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

பிறகுதான் தாயம்மாள் வந்தாள். சின்னசேலம் பக்கம். வெந்தயக் குழம்பும் வைப்பாள், ராஜ்மாவும் வைப்பாள். இரண்டுக்கும் நான் அடிமை.

அதனால், "அனந்தா, சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ்காரா நாலு குடும்பம் வரா" என்று இவர் சொன்னபோது, என்ன சமைப்பது என்று நான் யோசிக்கவில்லை. யார் வருவார்கள் என்றுதான் கேட்டேன். அதில் சுஷ்மாவின் பெயரும் இருந்தது.

சுஷ்மா இவருடைய சகாவின் மனைவி. கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். தமிழும் ஹிந்தியும் தேனாகப் பேசுவாள். அவள் வீட்டுச் சமையலறைக்கு வந்தவர்கள் எல்லோருமே வேறு யாரோ ஒருத்தி வீட்டிலிருந்து வந்தவர்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். சொல்லட்டும். பேய்க்கு நான் பெயரும் விலாசமும் தருகிறேன்.

ஸ்ம்ருதி போனில் ஒரு வீடியோ காட்டினாள். ஸ்லைடர்ஸ் என்று பெயர், நடுவில் சீஸ் வைத்துச் சுடும் குட்டிக் குட்டி பன். "பஜ்ஜி, போண்டா வேண்டாம்மா, ப்ளீஸ். எல்லாரும் போர் ஆயிடுவா." தாயம்மாள் அந்த வீடியோவை ஒரே தடவை பார்த்தாள். "அச்சா. பாவ் ரொட்டியைப் பிய்க்காம முழுசா வாங்கிட்டு வாங்கம்மா" என்றாள்.

சனிக்கிழமை காலை ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து சீஸும் குடமிளகாயும் வந்தன. ஒன்றோடொன்று ஒட்டிய பாவ் பலகையைத் தாயம்மாள் கையால் அமுக்கிப் பிடித்து, நீளக் கத்தியைப் படுக்கவைத்து நடுவில் ஒரே இழுப்பு இழுத்தாள். மேல்பாதி மூடியைப் போல் முழுசாகக் கழன்று வந்தது. கீழ்ப்பாதியில் சீஸ், சுட்டுத் தோலுரித்த குடமிளகாய், கல்லில் வாட்டிய பன்னீர், வினிகரில் ஊறிய வெள்ளரிக்காய், மறுபடி சீஸ். மேலே மூடி. எல்லாம் தயாராகி, கடைசியில் மேலே தடவ வெண்ணெயை உருக்கிக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். பால்கனிக்குப் போய்க் குரலைத் தாழ்த்திப் பேசிவிட்டு வந்தாள்.

"யாரு தாயம்மா?"

"சும்மா, தெரிஞ்சவங்கம்மா."

அந்த 'சும்மா' எனக்குப் போதும். தெரிந்தவர்களோடு பேச எதற்குப் பால்கனி? அப்போதுதான் கவனித்தேன், புதுப்புடவை வேறு கட்டியிருந்தாள். என் வீட்டு விருந்துக்கா, இல்லை யாரோ பார்ப்பதற்கா? அவள் வெண்ணெயில் எதையெதையோ கலக்கிப் பாவின் மேல் தடவினாள். நான் அவள் கையைப் பார்க்கவில்லை. அலமாரியில் கவிழ்த்து வைத்த அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தட்டை ஃபாயிலால் மூடி ஓவனுக்குள் தள்ளியதும் சொன்னேன்: "இன்னிக்கு நீ வெளில வர வேண்டாம். ஸ்ம்ருதி எடுத்துண்டு போவா."

"நானே எடுத்தாரேங்களே."

"வேண்டாம். உனக்கு எதுக்குச் சிரமம்?"

இத்தனை நாளில் அவள் சிரமத்தைப் பற்றி நான் பேசியதே இல்லை. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சரி என்றாள். நான் சமையலறைக் கதவைச் சாத்தினேன்.

விருந்தாளிகள் வந்தார்கள். தட்டு மேஜைக்கு வந்தது. ஸ்ம்ருதி ஒரு துண்டைப் பிய்த்தாள். சீஸ் இழை இழையாக நீண்டது. எல்லோரும் தட்டை நெருங்கினார்கள். சுஷ்மா ஒன்றைச் சாப்பிட்டாள். கண்ணை மூடி இன்னொன்றையும் சாப்பிட்டாள்.

"அனந்தா, யார் பண்ணினா இதை?"

"நான்தான்" என்றேன்.

ஸ்ம்ருதி திரும்பிப் பார்த்தாள். இவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"நிஜமாவா? உங்காத்துல ஒருத்தி இருக்காளே, தாயம்மா, அவ பண்ணலையா?"

பெயர் வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறாள்! எனக்கு ரத்தம் கொதித்தது. "அவளா? அவ பாத்திரத்துக்கு மட்டும்தான். சமையலெல்லாம் அவளுக்கு எங்கே வரும்? ஒரு உப்புமா கிண்டச் சொன்னாக்கூட அடிப்பிடிக்க விட்டுடுவா."

நன்றாகவே அளந்தேன். கதவைச் சாத்தியிருந்தேனே தவிர, என் குரலைச் சாத்தவில்லை.

சற்று நேரத்தில் சுஷ்மா, "ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வரேன்" என்று எழுந்தாள். தண்ணீர் ஜாடி அவள் முன்னால்தான் இருந்தது. நான் பின்னாலேயே ஓடினேன். உள்ளே இருவரும் தலையோடு தலை வைத்துக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் சுஷ்மா குழாயைத் திறந்தாள். தாயம்மாள் தட்டைத் தேய்த்தாள். போச்சு, முடிந்தது என்று நினைத்தேன். மறுபடி என் கைச் சமையல், மறுபடி அந்த வருஷம்.

ஆனால் லிஃப்ட் வாசலில் சுஷ்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வேறு என்னவோ சொன்னாள். "வர சனிக்கிழமை எங்காத்துல கிட்டி பார்ட்டி, லேடீஸெல்லாம் வரா. நீங்க வந்து, எங்க எல்லார் எதிரேயும், என் ஓவன்லயே இதைப் பண்ணிக் காட்டணும். மாட்டேன்னு சொல்லப்படாது."

தாயம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

ஜெயித்துவிட்ட மிதப்பில் சமையலறைக்குப் போனேன். "சுஷ்மா உன்கிட்ட என்ன கேட்டா?"

"எங்க வீட்டுக்குச் சமைக்க வரியான்னு கேட்டாங்கம்மா. காலையில போன்லயும் அவங்கதான். எனக்கு வீடு இருக்குதுங்கன்னு அப்பவே சொல்லிட்டேன்." தாயம்மாள் ஓவன் தட்டில் ஒட்டிய சீஸைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள். "இப்ப வந்து, நெசமாவே உனக்குச் சமைக்கத் தெரியாதான்னு கேட்டாங்க. தெரியாதுங்க, பாத்திரத்துக்கு மட்டுந்தான்னு சொன்னேன்."

எனக்கு முகம் சுட்டது. "ஏன் அப்படிச் சொன்னே?"

"நீங்கதானம்மா சொன்னீங்க. இத்தினி பேர் முன்னால சொன்ன வார்த்தையைப் பொய்யாக்கலாமா?"

கோபித்தாலாவது சமாதானம் செய்யலாம். அவள் கோபிக்கவே இல்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். "நாளையிலேருந்து அப்படியே வச்சிக்கலாங்கம்மா. வருவேன், பாத்திரம் தேய்ப்பேன், போவேன். சமையல் நீங்க பாத்துக்குங்க."

"தாயம்மா, அது உன்னை யாரும் கொண்டுபோயிடக் கூடாதேன்னு..."

"யாரு கூப்பிட்டாலும் நான் போறவ இல்லீங்களே."

நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது எனக்காகத்தான் போலிருக்கிறது. சுஷ்மாவைக் காவல் காத்தேன். பால்கனியைக் காவல் காத்தேன். திருடியவள் நானேதான். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வாய் எழவில்லை.

கூடத்திலிருந்து இவர் குரல் கொடுத்தார். "அனந்தா, அந்த ஸ்லைடர்ஸ் இன்னும் ரெண்டு இருக்கா?"

மீதி இருந்த ஒரு பாவ் பலகையை எடுத்தேன். அடுத்த சனிக்கிழமை சுஷ்மாவின் கிட்டிக்கூட்டம் முழுவதும் என் கையையே பார்த்துக்கொண்டு நிற்கும். தாயம்மாளைப் போலவே அமுக்கிப் பிடித்து, கத்தியைப் படுக்கவைத்து இழுத்தேன். பாதி வழியில் கத்தி மேலே ஏறிப் பாவ் கிழிந்தது. கிழிந்ததை ஒட்டவைத்துச் சீஸை அடுக்கினேன். வெண்ணெயை உருக்கினேன். உருக்கிய பிறகுதான் அடுத்தது என்னவென்று தெரியாமல் நின்றேன்.

"தாயம்மா," என்று மெதுவாகக் கூப்பிட்டேன். "காலம்பற இந்த வெண்ணெயில என்ன கலந்தே?"

அவள் திரும்பவில்லை. குழாயைத் திறந்து அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.

"எனக்கென்னங்கம்மா தெரியும்?" என்றாள்.